சரக்கு போட்ட அன்றைக்கும் ஏஆர்டி மாத்திரையை விடாதீர்கள்

ஏற்காட்டில் சனிக்கிழமை எஸ்டேட் கூலி வாங்கி ஒரு கட்டிங் போட்டவர், அன்று இரவு எச்ஐவியைக் கட்டுக்குள் வைக்கிற ஏஆர்டி மாத்திரையைத் தொட மாட்டார். சரக்கோடு சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது தப்பு. குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள்.

இப்போது அரசு ஏஆர்டி சென்டரில் பெரும்பாலானோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. மதுவோடு சேர்ந்து விஷமாகிற மருந்து இல்லை அது. ராத்திரி மறந்துபோகிறது என்றால் சென்டரில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் சொல்லி, காலை டீ நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் வயிறு எரிகிறதென்று ஜெலுசில் குடிப்போமே, அதில்தான் சிக்கல்: அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஜெலுசில் குடியுங்கள், அதை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுங்கள்.

அப்போ தாராளமாகக் குடிக்கலாமா? அதுதான் இல்லை. எச்ஐவி, சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்குள் போய் உட்காரும், அந்த செல் சும்மா கிடக்கும்வரை வைரஸும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடி மிஞ்சினால் குடல் சுவர் தளர்ந்து பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசியும் (குடலை எச்ஐவி ஏற்கெனவே சேதப்படுத்தித்தான் வைத்திருக்கிறது), உடனே நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற ரசாயனச் சேதியை அனுப்பி ஆள் திரட்டும், சும்மா கிடந்த சிடி4 செல்கள் விழித்துக்கொள்ளும், விழித்த செல்லில்தான் வைரஸ் வேகமாகப் பெருகும். மாத்திரை உள்ளே இருந்தால் பெருக விடாது. நீங்கள் மாத்திரையை விடுவதோ சரியாக அந்த ராத்திரியில்!

வலி மாத்திரையைப் போதைக்கு எடுப்பவர்களும் கவனியுங்கள். மார்ஃபின் வகைப் போதையும் குடல் சுவரைத் தளர்த்துவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஊசி என்றால் பகிரவே கூடாது, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றிக்கொள்ளும். இந்தப் போதையிலிருந்து மீள, நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரைச் சிகிச்சை அரசு திட்டத்தில் இலவசம், எங்கே கிடைக்கும் என்று எய்ட்ஸ் உதவி எண் 1097-ல் கேளுங்கள்.

தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். கவுன்சிலரிடம் குடியை மறைக்கவும் வேண்டாம், டிபி வராமலிருக்கத் தரும் ஐசோநியாசிட்டும் சரக்கும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகும். வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கட்டுக்குள் இருந்தால், மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று வாய் திறந்து கேளுங்கள்.