சமயத் துறையில் பொதுச் சொற்பொழிவு நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் துறைக் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழுவது பெரும்பாலும் ‘நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்’ பதவிதான். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. தத்துவமும் சமய ஒப்பாய்வும் சொல்லித்தரும் சின்னத் துறை எங்களுடையது. ஆண்டுக்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு, இரண்டு மூன்று சிறப்புரை. முதல் வருஷம் நான் செய்த தப்புகளை எண்ண விரல் போதாது. அதே தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாமே என்றுதான் இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம். கோயில் உபந்நியாசம், சர்ச் பிரசங்கம், பள்ளிவாசல் பயான் எல்லாம் பெரும்பாலும் நம்பிக்கை உள்ளவர் நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சொல்வது. கல்லூரியில் நடப்பது வேறு. இங்கே கேட்பவர்களில் பாதிப் பேர் வேறு சமயம், சிலர் எதுவும் இல்லாதவர்கள். ஸ்காட்லாந்தில் 1888 முதல் கிஃபோர்டு சொற்பொழிவுகள் நடந்துவருகின்றன. ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதி உயில் எழுதிவைத்த பணத்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்தீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் என நான்கு பல்கலைக்கழகங்களில் நடப்பவை. பேசுபவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், சமயமே இல்லாதவராகவும் இருக்கலாம். மாணவரல்லாதவர்களும் வந்து கேட்கலாம் என்று உயிலிலேயே எழுதிவிட்டார் மனிதர். நம் ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஒவ்வொன்றுக்கும் தனித் துறையே இருக்கிறது. எந்தத் துறையாக இருந்தாலும் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் அதற்குப் பெயர் பொதுச் சொற்பொழிவு.

படி 1: கோப்பை எடுத்துப் படியுங்கள்

துறை பீரோவில் அறக்கட்டளைக் கோப்பு இருக்கும். தூசி தட்டி, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கொடையாளர் கொடுத்த முதல் தொகை வங்கி வைப்பில் இருக்கும். அதைத் தொடக்கூடாது, வட்டியில்தான் நிகழ்ச்சி. இரண்டு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 14,000 ரூபாய். மதிப்பூதியம், பயணப்படி, அழைப்பிதழ், பேனர், பொன்னாடை, டீ எல்லாம் இதற்குள். வெளியூர்ப் பேச்சாளரை ரயிலில் வரவழைத்து ஓர் இரவு தங்கவைத்தாலே பாதி காலி.

கொடையாளர் போட்ட நிபந்தனைகளும் அதே கோப்பில்தான். அப்பாவின் நினைவு நாளில்தான் நடத்த வேண்டும், இன்ன பொருளில்தான் பேச வேண்டும் என்று இருக்கும். அதைப் பார்க்காமல் தேதி குறித்துவிட்டு, பிறகு அந்தக் குடும்பத்திடம் போய் நின்று அசடு வழிந்திருக்கிறேன்.

படி 2: தலைப்பைச் சின்னதாக்குங்கள்

நான் நடத்திய முதல் சொற்பொழிவின் தலைப்பு ‘சமணமும் தமிழும்’. அழைப்பிதழில் கம்பீரமாகத்தான் இருந்தது. பேச்சாளர் தமிழி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டில் ஆரம்பித்து நிகண்டு வழியாக ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பட்டியல் ஒன்றை வாசித்து முடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தலைப்புக்கு வேறு என்னதான் செய்வது?

இரண்டு வருஷம் கழித்துத் தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பார்த்தோம்: ‘சித்தன்னவாசல் குளத்தில் பூப்பறிப்பவர்கள் யார்?’ புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற சமணக் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை. இடையில் தாமரை பறிக்கும் மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பேச்சாளர் ஒரே ஒரு படத்தைத் திரையில் போட்டார். நாற்பது நிமிஷம் அதை விட்டு நகரவேயில்லை. சமணர்களின் குருவான தீர்த்தங்கரர் உபதேசிக்க, தேவரும் மனிதரும் விலங்கும் கூடிக் கேட்கும் மண்டபத்துக்குச் சமவசரணம் என்று பெயர். அதைச் சேர்ந்த குளம்தான் இது என்பது ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம். அதாவது, ஒரு சொற்பொழிவுக்கு வந்தவர்கள் வழியில் பூப்பறிக்கிறார்கள்! பின் வரிசைப் பையன்கள்கூட செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஆகவே ‘சமயமும் மனிதமும்’, ‘சமய நல்லிணக்கம்’ மாதிரித் தலைப்பு தோன்றினால் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். ஒரு பாட்டு, ஒரு கல்வெட்டு, ஒரு சடங்கு, ஒரு தர்காவின் கொடியேற்றம், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்த விதம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்தால் போதும்.

படி 3: பேச்சாளர்

நன்றாகப் பேசுபவர் வேறு, விஷயம் தெரிந்தவர் வேறு. இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் அதிர்ஷ்டம். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் விஷயம் தெரிந்தவரைத்தான் எடுப்பேன். பட்டிமன்றக் கைதட்டல் நமக்கு வேண்டாம்.

முதலில் போனில் கேளுங்கள். ஒத்துக்கொண்டதும் முதல்வர் கையெழுத்துடன் கடிதம் அனுப்புங்கள். கடிதத்தில் இவை இருந்தே ஆக வேண்டும்: தேதி, நேரம், பேச எத்தனை நிமிஷம், கேள்விக்கு எத்தனை நிமிஷம், யார் கேட்க வருவார்கள், மதிப்பூதியம் எவ்வளவு, வீடியோ எடுக்கச் சம்மதமா. பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படாதீர்கள். எழுதாமல் விட்டால் கூச்சம் அவர் பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

‘நான் பக்தன் இல்லை, பேசலாமா?’ என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர் கேட்டார். தாராளமாகப் பேசலாம். துறை வேலை ஒரு சமயத்தைப் புரியவைப்பது. அதில் ஆள் சேர்ப்பதும் இல்லை, ஆளைக் கலைப்பதும் இல்லை. பேச்சாளர் யாராக இருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 4: தேதி

மற்றத் துறைகளுக்குத் தேர்வு அட்டவணை ஒன்றைப் பார்த்தால் போதும். நமக்கு எல்லாச் சமயத்துக் காலண்டரும் மேஜையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகை. ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். அந்த மாதத்தில் சாயங்காலம் கூட்டம் போட்டால் நோன்பு திறக்கும் நேரத்தில் மோதும். மார்கழியில் வைணவ அறிஞர்களைப் பிடிக்கவே முடியாது, முப்பது நாளும் திருப்பாவை. ஆகஸ்ட், செப்டம்பரில் சமணர்களின் பர்யுஷண் நோன்பு நாட்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் கிறித்தவ நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். இத்தனைக்கும் தப்பிய ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் உடனே அரங்கத்தைப் பதிவு செய்யுங்கள்.

சிற்றுண்டியையும் இதோடு யோசித்துவிடலாம். சமணக் குடும்பங்கள் வரும் கூட்டத்தில் உருளைக்கிழங்கு போண்டா வைத்தேன். கிழங்கு வகையே அவர்கள் சாப்பிடுவதில்லை, அன்று டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். சுண்டல் போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர்களில் பலர் சூரியன் மறைந்தபின் சாப்பிட மாட்டார்கள் என்பதால், சாயங்கால நிகழ்ச்சி என்றால் சிற்றுண்டியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 5: அழைப்பிதழ்

ஒரு பக்கம் போதும். அனுமதி இலவசம், அனைவரும் வரலாம் என்பது கொட்டை எழுத்தில் இருக்கட்டும். கல்லூரி வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டு ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிய கதை எங்களுக்கு உண்டு. அதனால் அழைப்பிதழில் ஒரு பிரதியைக் காவலாளி அறைக்கும் கொடுங்கள்.

படி 6: அரங்கம்

முந்தின நாள் சாயங்காலமே போய் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். மைக், மாற்று மைக், புரொஜெக்டர், மடிக்கணினி, இணைப்புக் கேபிள், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிஷத்தில் வரும் என்பது வரைக்கும்.

தமிழில் ஸ்லைடு கொண்டுவருபவரிடம் எழுத்துரு என்ன என்று கட்டாயம் கேளுங்கள். பழைய பாமினியில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். தேவாரப் பாடல் ஒன்று அப்படித் திரையில் வந்து நின்றபோது ஓதுவார் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அவரே எழுந்து மனப்பாடமாகப் பாடிக் காப்பாற்றினார். எப்போதும் ஓதுவார் இருக்க மாட்டார். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

படி 7: மேடை

இங்கேதான் நம் நிகழ்ச்சிகள் நொண்டியடிக்கின்றன. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, கொடையாளர் குடும்பத்தார் உரை, அறிமுக உரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, ஒவ்வொன்றுக்கும் போட்டோ. மூன்று மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் கைக்கு மைக் போனபோது நாலு மணி ஐந்து நிமிஷம் ஆகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. வரவேற்பு மூன்று நிமிஷம். அறிமுகம் இரண்டு நிமிஷம். பேச்சாளர் வாங்கிய பட்டங்களை விட்டுவிட்டு, இன்றைய தலைப்பில் அவர் என்ன வேலை செய்திருக்கிறார் என்பது மட்டும். பிறகு நேராக உரை, 45 நிமிஷம். கேள்விகள் 30 நிமிஷம். பொன்னாடை, பரிசு, போட்டோ எல்லாம் கடைசியில். கொடையாளர் குடும்பத்தை முன் வரிசையில் உட்காரவைத்து, கொடையின் கதையை வரவேற்புரையிலேயே நாம் மரியாதையாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மனநிறைவு. முதல்வரிடம் இந்த நிமிஷக் கணக்கை ஒரு வாரம் முன்பே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் வருத்தம் வரும்.

குத்துவிளக்கு ஏற்றலாமா, கடவுள் வாழ்த்து உண்டா என்று கேட்பார்கள். எந்தச் சமயப் பாட்டும் இல்லாமல், தமிழ்த்தாய் வாழ்த்தோடு நிறுத்துவது எங்கள் பழக்கம். உங்கள் கல்லூரி வழக்கம் வேறாக இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

படி 8: கேள்வி நேரம்

என்னைக் கேட்டால் நிகழ்ச்சியே இதுதான். இதற்கு முந்தைய ஏழு படியும் இந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றத்தான்.

முதல் கேள்வி வராமல் அரங்கம் மௌனமாக இருக்கும். அதற்காக இரண்டு மாணவர்களுக்குப் பேச்சாளரின் ஒரு கட்டுரையை ஒரு வாரம் முன்பே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேள்வியை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், குரலிலேயே தெரிந்துவிடும். கூச்சப்படுபவர்களுக்குத் துண்டுச்சீட்டும் பேனாவும். சீட்டில் வரும் கேள்விகள்தான் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும், பெயர் போட வேண்டியதில்லை அல்லவா.

கேள்வி என்று ஆரம்பித்து எதிர்ச்சொற்பொழிவு ஆற்றுபவர் எல்லா ஊரிலும் உண்டு. மைக்கை அவர் கையில் கொடுக்காமல் மாணவத் தொண்டரே பிடித்துக்கொள்ளட்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் நீங்கள் மேடையிலிருந்து, “ஐயா, உங்கள் கேள்வியை ஒரே வரியில் சொல்லுங்கள், பதில் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லலாம்.

சூடு பிடிக்கும் நேரமும் வரும். ‘உங்கள் மதத்தில் இப்படி இருக்கிறதே, இது சரியா?’ என்று ஒருவர் எழுவார். அதை ஒருங்கிணைப்பாளர் மாற்றிக் கேட்கலாம்: ‘இந்த வழக்கத்துக்கு அந்தச் சமயத்தாரே என்னென்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள், அதில் கருத்து வேறுபாடு இருந்ததா?’ பேச்சாளருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், கேட்டவருக்கும் பதில் கிடைக்கும். இது நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திரவிழாவுக்கு முரசறைபவன், சமயவாதிகளே பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்று அழைத்துவிட்டு, பகைவரோடானாலும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். கோபமும் சண்டையும் இல்லாமல் விலகிப் போங்கள் என்று அர்த்தம். நான் அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அரங்க வாசலில் ஒட்டுவதுண்டு.

‘சார், நீங்க சாமி கும்பிடுவீங்களா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் சொல்லாததும் பேச்சாளர் இஷ்டம். இதையும் முன்பே அவரிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.

படி 9: மறுநாள்

பில், ரசீது, வருகைப் பதிவுத் தாள், புகைப்படம், ஒரு பக்க அறிக்கை எல்லாம் ஒரே வாரத்தில் அலுவலகத்துக்குப் போகட்டும். தள்ளிப்போட்டால் கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் வருஷம் டீக்கடை ரசீதைத் தேடி அலைவீர்கள். வீடியோவை ஏற்றும்போது வரவேற்புரையை வெட்டிவிட்டு உரையிலிருந்து தொடங்குங்கள்.

பேச்சாளருக்கு அனுப்பும் நன்றிக் கடிதத்தோடு, நேரமில்லாமல் விட்டுப்போன துண்டுச்சீட்டுக் கேள்விகளையும் தட்டச்சு செய்து வைத்து அனுப்புங்கள். சித்தன்னவாசல் பற்றிப் பேசியவருக்கு அப்படிப் பதினொரு கேள்விகள் போயின. ‘அந்த எருமை ஏன் குளத்தில் நிற்கிறது?’ என்ற ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கம் கைப்பட எழுதித் தபாலில் அனுப்பினார். துறை அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது.