சிம் கார்டுக்கும் ஒரு பூட்டு போடுங்கள்

கைரேகை, பேட்டர்ன் என்று போனுக்குப் பூட்டு போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் போனைத் திருடியவன் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போய்விடும்.

இதைத் தடுக்க சிம்முக்கே ரகசிய எண் வைக்கும் ‘சிம் பின்’ வசதி 2ஜி காலத்திலிருந்தே இருக்கிறது. இவ்வளவு நல்ல வசதியைப் பலர் தொட்டுக்கூடப் பார்க்காதது எனக்குப் பெரிய வருத்தம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் ‘சிம் லாக்’ என்று தேடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் மொபைல் சர்வீஸ் அல்லது மொபைல் டேட்டா பகுதிக்குள் இருக்கும். ஆன் செய்துவிட்டால், போனை அணைத்துப் போடும்போதும் சிம்மை வேறு போனுக்கு மாற்றும்போதும் பின் கேட்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். முதல் தடவை கேட்பது சிம் நிறுவனம் வைத்த பின். தெரியாவிட்டால் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள், வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க 8 இலக்க பியூக் எண் வேண்டும். அதையும் 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். பழைய பின் சரியாக விழுந்ததும் உங்களுக்கென்று புதிய எண் வையுங்கள், பிறந்த வருடம் வேண்டாம்.

அப்புறம், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்க அந்த எண் உதவும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.