‘பாசிசம்’ என்று ஒப்பிடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இன்றைய தலைவர் ஒருவரின் பேச்சை ஹிட்லரோடோ முசோலினியோடோ யாராவது ஒப்பிட்டால் போதும், அதோடு விவாதம் கைகலப்பாகிவிடும். ஒப்பிடுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன், எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

நிறைய பேர் 1940களின் வதைமுகாம்களை அளவுகோலாக வைக்கிறார்கள். “இங்கே முகாம் எங்கே?” என்று எதிரே இருப்பவர் கேட்டால் கதை முடிந்தது. ஆனால் இத்தாலியில் முசோலினி 1922 அக்டோபரில் மன்னர் அழைத்துத்தான் பிரதமரானார். மற்ற கட்சிகளை ஒழித்தது 1926இல்தான். இடையில் தேர்தலும் நடந்தது, நாடாளுமன்றமும் கூடியது. 1924 மே 30 அன்று சோசலிச உறுப்பினர் மத்தியோட்டி அந்தச் சபையிலேயே எழுந்து தேர்தலில் நடந்த அடிதடியையும் மோசடியையும் அடுக்கினார், ஜூன் 10 அன்று அவரைக் காரில் கடத்திப்போய்க் கொன்றார்கள். ஒப்பிடுவதென்றால் இந்த நான்கு வருடங்களைப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்புறம், ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. ‘மக்களின் எதிரி’ என்று ஒருவர் பேசியதாலேயே அவர் பாசிஸ்ட் ஆகிவிடமாட்டார். 1794இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் அதைச் சட்டத்திலேயே எழுதினார்கள், ஸ்டாலின் ஆட்சியிலும் அதே முத்திரைதான். இத்தாலியில் பேச்சோடு தடியும் சேர்ந்து வந்தது: முசோலினியின் அடியாள் படையான கறுப்புச் சட்டைக்காரர்கள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தினார்கள், போலீஸ் பல இடங்களில் வேடிக்கை பார்த்தது. எனவே ‘என்ன பேசினார்’ என்பதோடு நிறுத்தாமல், அதைக் கேட்டு அடிக்கக் கிளம்பியவர்கள் உண்டா, அவர்கள்மேல் வழக்கு நடந்ததா என்றும் கேளுங்கள். அப்படி அடிதடி எதுவும் இல்லையென்றால் ஒப்பீடு அந்த அளவுக்குப் பலவீனம், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

“ஹிட்லரையே மக்கள்தானே பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்தார்கள்” என்பது இரண்டு தரப்பும் அள்ளிவிடும் தகவல். 1932 ஜூலையில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 37 சதவீதம், நவம்பரில் அது 33க்கு இறங்கியது. தனிப்பெரும் கட்சிதான், சரி, ஆனால் பெரும்பான்மை இல்லை. இவரை நாம் அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பழமைவாதிகளின் பேச்சைக் கேட்டு, 1933 ஜனவரி 30 அன்று ஜெர்மனியின் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஹிட்லரை சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தார். மேடையில் முழங்குபவரை மட்டும் அலசிவிட்டு, பக்கத்தில் நின்று கதவு திறந்துவிடுபவர்களை விட்டுவிட்டால் பாதி ஒப்பீடுதான் செய்திருக்கிறீர்கள்.

எல்லா சர்வாதிகாரமும் பாசிசம் இல்லை. சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயினை அப்படிச் சொல்லலாமா என்றே வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதிரே இருப்பவர் அந்தப் பெயரிலேயே மல்லுக்கட்டினால் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, நீதிபதியை மிரட்டியது சரியா, தேர்தல் முடிவை ஏற்க மறுத்தது சரியா என்று நடந்ததை மட்டும் கேளுங்கள்.