வகுத்தலுக்குத் தனி வாய்ப்பாடு தேவையில்லை

ஓர் அட்டையில் முக்கோணம் வரைந்து, அதன் உச்சியில் 56 என்றும் கீழ் மூலைகளில் 7, 8 என்றும் எழுதி, ஏதேனும் ஓர் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மறைந்திருப்பது எது என்று குழந்தையிடம் கேளுங்கள். உச்சியை மறைத்தால் அது பெருக்கல். கீழே உள்ள ஒன்றை மறைத்தால் அதே அட்டை வகுத்தல் கணக்காகிவிடும்.

வகுத்தல் என்பது விடுபட்ட காரணியைத் தேடுவதே என்பதால், 56 ÷ 8 எவ்வளவு என்ற கேள்வியும் எட்டை எதனால் பெருக்கினால் 56 வரும் என்ற கேள்வியும் ஒன்றுதான். ஏற்கெனவே மனப்பாடமான எட்டாம் வாய்ப்பாட்டிலிருந்தே குழந்தை விடையை எடுத்துவிடும். விடை சரியா என்று பெருக்கித் தானே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். 7, 7, 49 போன்ற அட்டைகளையும் இடையிடையே சேருங்கள். கீழே எதை மறைத்தாலும் ஒரே விடை வருவதைக் குழந்தைகள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

மீதி வரும் கணக்குகளுக்கு இந்த அட்டை அப்படியே பொருந்தாது. 58 ÷ 8 என்றால், 58-ஐத் தாண்டாத எட்டின் மடங்கான 56-ஐ முதலில் கண்டுபிடித்து, ஈவு 7, மீதி 2 என்று தனியே சொல்லித்தர வேண்டும். கீழ் மூலையில் பூச்சியத்தை எழுதவே கூடாது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழியிருக்காது. பெருக்கல் என்பது சம அளவுள்ள குழுக்களைச் சேர்ப்பது என்றே இன்னும் புரியாத குழந்தைக்கு, அட்டைக்கு முன்பு புளியங்கொட்டைகளையோ பொத்தான்களையோ வரிசையாக அடுக்கிக் காட்டுவதே முறை.