பல் கிளிப் கழன்றால், கம்பி குத்தினால்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் சீரமைப்புக்காகக் கிளிப் போட்டவர்களுக்கு அது கழன்றுவிடும் நாள் பெரும்பாலும் பண்டிகை நாளாகவே அமைகிறது. முறுக்கும் சீடையும் கரும்பும் வீட்டில் நிறைந்திருக்கும் அந்த நாள்களில்தான் மருத்துவமனையும் மூடியிருக்கும். ஒரு பொங்கலன்று என் மகள் கரும்பைக் கடித்தபோது கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருந்த சிறு உலோகக் குழாய் பெயர்ந்து, கம்பியின் முனை கன்னத்தின் உட்புறத்தைக் குத்தத் தொடங்கியது. நகவெட்டியைக் கழுவிக் கையில் எடுத்துவிட்டேன். வெட்டுவதற்கு முன் மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைத்ததால் பெரிய தவறொன்றிலிருந்து தப்பித்தோம்.

வாய்க்குள் கம்பியை வெட்டினால் துண்டான நுனி தெறித்துத் தொண்டைக்குள், சில வேளை மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடக்கூடும். நகவெட்டியால் வெட்டிய முனை முன்னைவிடக் கூர்மையாகவும் நிற்கும். வெட்டுவதற்குப் பதிலாக, நனைத்த பஞ்சுக் குச்சியால் கம்பியின் முனையைப் பல்லோடு ஒட்டி மெல்ல அழுத்திப் பார்க்கலாம். அதற்கும் படியவில்லை என்றால் கிளிப் போட்ட அன்றே கொடுத்திருப்பார்களே, அந்த மெழுகை வைக்க வேண்டும்.

மெழுகு நிற்பதேயில்லை என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் ஈரம்தான். கையைக் கழுவித் துடைத்து, பட்டாணி அளவு மெழுகை விரல்களுக்கிடையே உருட்டி இளக்கிக்கொண்டு, குத்தும் இடத்தைச் சுத்தமான பஞ்சால் நன்றாக ஒற்றி உலர்த்திய பிறகு அழுத்தினால், அது கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். என் மகள் அன்றிரவு அப்படித்தான் தூங்கினாள். மெழுகைத் தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. சாப்பிடும் முன் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டைப் பிராக்கெட் என்பார்கள். பல்லிலிருந்து விடுபட்ட பிராக்கெட் பெரும்பாலும் கம்பியிலேயே கோத்தபடி தொங்கும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஒட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பசை ஈறைப் புண்ணாக்கும், மருத்துவர் மீண்டும் ஒட்டுவதற்கும் இடைஞ்சலாகும். தனியாக வந்துவிட்ட பிராக்கெட்டைச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வலிக்கவில்லையே, அடுத்த மாதம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பல்லுக்கு விசை கிடைக்காததால் சிகிச்சைக் காலம் நீளும். முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால், திரும்ப ஒட்டுவதற்கான நேரத்தை அவர்கள் ஒதுக்கி வைப்பார்கள்.

கம்பியை முறுக்கிய பின் இரண்டு மூன்று நாள் வலிப்பது இயல்பு. கிராம்பு எண்ணெயையோ ஆஸ்பிரின் மாத்திரையையோ ஈறின் மேல் வைத்தால் அந்த இடம் வெந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான நீர் ஒரு தம்ளரில் அரை தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பதும், வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் எடுப்பதும் போதும். வலிக்கிறதென்று பல் துலக்காமல் இருந்துவிடவும் கூடாது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தேங்கினால் நான்கு வாரங்களிலேயே எனாமலில் வெள்ளைத் திட்டு தோன்றலாம்.

எனக்கு மிகவும் அச்சமூட்டுவது ரப்பர் பேண்டு விஷயம். முன்பல் இடைவெளியை மூடுவதற்காகச் சாதாரண ரப்பர் பேண்டைப் பல்லைச் சுற்றித் தாமே மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிச் செல்வதால் ரப்பர் மெல்ல வழுக்கி ஈறுக்குள் மறைந்து, வேரைப் பற்றியிருக்கும் எலும்பை அரித்துவிடுகிறது. நல்ல பல்லே ஆடி விழுந்துவிடலாம். மருத்துவர் தந்த ரப்பரையும் அவர் காட்டிய கொக்கியில் மட்டுமே, சொன்ன எண்ணிக்கையில் மட்டுமே மாட்ட வேண்டும்.

விழுங்கிய பிராக்கெட் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விளையாட்டில் அடிபட்டு நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமலும் தேய்க்காமலும் எடுத்து, முடிந்தால் குழியிலேயே பொருத்துங்கள். முடியாவிட்டால் காய்ச்சாத குளிர்ந்த பாக்கெட் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்கப் பாருங்கள்.