21ஆம் நாளுக்குப் பின்: இணையத்தில் கண்டதைப் பின்பற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தார்களான நாங்கள் ஆண்டுதோறும் வைக்கும் பிள்ளையார் நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு, சென்ற ஆண்டு, எங்கள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு செயலை 21 நாள் தொடர்ந்து செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று விஞ்ஞானம் இன்று சொல்வதை நம் ஐயாக்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்றும், அதனால்தான் திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி நோன்பு வைத்தார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு மறுநாளே காலை நாலரை மணிக்கு எழத் தொடங்கி, 21 நாளும் தவறாமல் எழுந்தேன். 22ஆம் நாள் எழ முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. ஊருக்கெல்லாம் பலித்தது எனக்கு மட்டும் பலிக்கவில்லையென்றால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று பல வாரங்கள் மனம் நொந்திருந்த பிறகுதான், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இணையத்தில் கண்டதைக் கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ள முயல்வோர் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்: ஓர் எண்ணின் பிறப்பிடத்தைக் கேட்காமலே அதற்குக் கட்டுப்பட்டுவிடுவது.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 1960இல் வெளிவந்த தம் நூலில், முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அது தம் நோயாளிகளிடம் அவர் கவனித்த ஒன்றே தவிர, அளந்து செய்த ஆய்வன்று. வாய் மாறி வாய் மாறி வந்தபோது ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துபோய், அறுவை மருத்துவமும் மறந்துபோய், 21 மட்டும் எஞ்சிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை முறையாக அளந்து 2010இல் வெளியிட்டார்கள். 96 பேர், மதிய உணவோடு பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது போன்ற ஏதேனும் ஒரு செயலைத் தேர்ந்து 84 நாள் செய்துவந்தார்கள். செயல் தன்னியல்பாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அந்த 254 கூட, 84 நாளில் கண்ட போக்கை வைத்துக் கணித்த எண்தான். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் விரைவில் படிந்துவிடுகிறது; உடலை வருத்தும் செயலுக்குக் காலம் கூடுகிறது. ஆக, 22ஆம் நாள் எழ முடியாமல் போன நான் குறையுள்ளவன் அல்லன். பாதி வழிகூட வராதவனாக இருந்திருக்கலாம், அவ்வளவே.

நோன்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்துத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்துச் சுடரேற்றி, வீட்டின் மூத்தவர் கையால் ஒவ்வொருவராக வாங்கி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிறோம். இழை எடுத்துக்கொண்டவர் அன்றோடு வேறு மனிதராகிவிடுவார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை; அடுத்த கார்த்திகையில் மறுபடியும் முதல் இழையிலிருந்துதான் தொடங்குகிறோம். குடும்பத்தைப் பிள்ளையார் முன் ஒன்றாக நிறுத்தும் அந்த நாளுக்கு, பிழையாகப் புரிந்துகொண்ட ஒரு மருத்துவக் குறிப்பைச் சான்றாக ஒட்டவைப்பது நோன்பையும் சிறுமைப்படுத்துகிறது, அறிவியலையும் திரிக்கிறது. நம் மரபைப் புகழ்கிற செய்தி என்பதாலேயே ஆராயாமல் அனுப்பிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்பது என் கருத்து.

இதை ஒட்டியே வரும் இன்னொரு தவறு, ஒரு நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று கைவிடுவது. மேற்சொன்ன அதே ஆய்வில், இடையில் ஒருமுறை தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. ஆனால் கைப்பேசிச் செயலிகள் பல தொடர்ச்சியாக வந்த நாள்களைத்தான் எண்ணுகின்றன. ஒரு நாள் விட்டால் நூறும் சுழியாகிவிடுகிறது. அந்தச் சுழியைப் பார்த்து மனமுடைந்து நடைப்பயிற்சியை நிறுத்திய பலரை நான் காரைக்குடியிலேயே அறிவேன்.

நடை என்றதும் நினைவுக்கு வருவது நாளுக்கு 10,000 காலடி எடுத்து வைக்க வேண்டும் என்ற கட்டளை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானிக் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படுவது. எண் அந்தப் பெயரோடு பரவியது. ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பயன் கூடவில்லை. நான்காயிரம் அடி நடக்கும் ஓர் ஆச்சியிடம் நீங்கள் நடப்பது போதாது என்று சொல்லும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறர் வாழ்வின் முடிவை மட்டும் கண்டு நம் வாழ்வின் நடுப்பகுதியோடு ஒப்பிடுவது மற்றொரு பிழை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணாடியின்மேல் வைத்த அச்சில் வண்ணக் குழம்பை ஊற்றுவதும், கண்ணாடியை எடுத்ததும் பூக்கோலம் பளபளப்பதும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கல் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி உறுதிப்படுவதை யாரும் படம் பிடிப்பதில்லை, ஏனெனில் அங்கே பார்ப்பதற்கு எதுவும் நடப்பதில்லை. ஒருவர் ஐந்து மணிக்கு எழுகிறார், யோகம் செய்கிறார், புத்தகம் படிக்கிறார் என்று காட்டும் காணொளியும் அத்தகையதே. அவர் வீட்டில் காலையில் அடுப்பு மூட்டுபவர் யார், முந்தின இரவு அவர் எத்தனை மணிக்கு உறங்கினார் என்பவை படத்தில் வருவதில்லை. விருந்தும் திருமண அழைப்புமாக ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் நம் வீடுகளில், அந்தக் காலை நேரம் வேறொருவர் உழைப்பிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் அதைப் பின்பற்றுவது நியாயமாகாது.

எனினும் நான் அதிகம் செய்த தவறு, சேமித்து வைப்பதையே செய்து முடித்ததாகக் கொண்டதுதான். பிறகு பார்க்கலாம் என்று கைப்பேசியில் குறித்து வைத்த காணொளிகள் இருநூறைத் தாண்டியிருந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட நடைமுறைப்படுத்தியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்கள் மூன்றாண்டுத் தவணையில் தொழில் கற்றார்கள். அவர்கள் எழுதிய பேரேட்டில் வந்ததும் போனதும் மட்டுமே ஏறும். வரும் என்று நினைத்தது வரவில் ஏறாது. ஐந்தொகை எடுக்கும்போது நினைப்புக்கு இடமில்லை. அந்த ஒழுங்கை என் பழக்கங்களுக்கும் வைத்துப் பார்த்தபோதுதான், என் வரவுப் பக்கம் முழுவதும் வெறும் நினைப்பாலேயே நிரம்பியிருந்தது எனக்குத் தெரிந்தது.

தொடங்கும் முன்பே ஸ்டேட்டஸில் அறிவிப்பதும் அதே வகைதான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், நான் இன்னவனாக ஆவேன் என்ற நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, சிலர் அதற்கான உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். அறிவித்ததே பாதி ஆனதுபோன்ற நிறைவைத் தந்துவிட்டது. அதே கோல்விட்சர் பயனுள்ள வழி ஒன்றையும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்: ‘இனி நடப்பேன்’ என்று பொதுவாகத் தீர்மானிக்காமல், ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று அன்றாடம் தவறாமல் நிகழும் ஒன்றோடு புதிய செயலைப் பிணைத்துவிட வேண்டும்.

சேமித்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். மாலைக் காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஊருணியை மூன்று சுற்றுச் சுற்றிவர வேண்டும். வந்ததும் நோட்டில் தேதியிட்டு ஒரு வரி எழுத வேண்டும். மழையும் உறவினர் வருகையும் முழங்கால் வலியுமாக விட்டுப்போன நாள்களையும் காரணத்தோடு எழுதுகிறேன். நேற்றோடு 131 நாள் ஆகியிருக்கிறது. நடந்தது 114, நடவாதது 17.