கருத்தரிப்பு மாத்திரை எடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இன்னும் நடக்கிறது: ஒரு அக்காவுக்குக் கரு தங்கியதும் மிச்சமிருந்த குளோமிபீன் மாத்திரை தங்கைக்கும் நாத்தனாருக்கும் போய்விடுகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். கருமுட்டை வெளிவராத பெண்களுக்கான மருந்து அது. கருக்குழாயில் அடைப்பு இருந்தாலோ கணவரின் விந்தணு குறைவாக இருந்தாலோ இந்த மாத்திரையால் மட்டும் பலன் கிடைக்காது, அதனால் இருவருக்கும் பரிசோதனை முதலில்.

வழக்கமாக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி, மாதவிலக்கின் ஆரம்ப நாட்களில் 5 நாள் கொடுப்பார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். பலன் தெரியவில்லை என்று நீங்களாகவே அளவைக் கூட்டினால் சினைப்பை வீங்கலாம். சரியான அளவிலேயே இரட்டைக் குழந்தை வாய்ப்பு கூடும், அதனால்தான் ஸ்கேன் பார்க்கச் சொல்கிறார்கள்.

பார்வை மங்கினால், கண்ணில் மின்னல் மாதிரித் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் பேசுங்கள், காரும் ஓட்டவேண்டாம். வயிறு உப்பி வலிப்பது, திடீரென எடை ஏறுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், காவடி விரதம் வரும் மாதமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டில் குடிக்கும் மூலிகைக் கஷாயத்தையும் சேர்த்து.